பாட்டியோடு ஒரு நாள் தனிப் படகில் சிங்கப்பூரின் தெற்குத் தீவுகள்: போனவர்கள் சொல்லுங்கள்

பொங்கோல் வாசி கேட்டது

எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. வரும் மே மாதம் மன்னார்குடியிலிருந்து அப்பா, அம்மா, பாட்டி, அக்கா குடும்பம் எல்லோரும் முதல் தடவையாக இங்கே வருகிறார்கள். அப்பாவுக்கு அறுபது முடிந்தது. சாங்கியங்களை எல்லாம் ஊரிலேயே செய்துவிட்டார்கள். இங்கே ஒரு நாள் முழுக்க எல்லோரும் ஒன்றாக இருக்கிற மாதிரி, தனிப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தெற்குத் தீவுகளைச் சுற்றிக் காட்ட ஆசைப்படுகிறேன்.

பெரியவர்கள் ஒன்பது பேர், குழந்தைகள் மூன்று பேர், அதில் ஒன்று எட்டு மாதக் கைக்குழந்தை. பாட்டிக்கு 79 வயது. கண், காது, ஞாபகம் எல்லாம் நன்றாக இருக்கிறது. முழங்கால்தான் பிரச்சினை, கம்பு ஊன்றித்தான் நடப்பார். கடலில் படகு ஏறியதே இல்லை.

ஒரு நிறுவனம் எட்டு மணி நேரத்தில் ஐந்து தீவு காட்டுவதாகச் சொல்கிறது. கூசு, செயின்ட் ஜான்ஸ், லாசரஸ், சிஸ்டர்ஸ், ஹன்டு. இவ்வளவும் ஒரே நாளில் முடியுமா? பாட்டியை அழைத்துப் போவது சரியா, இல்லை யாராவது அவரோடு வீட்டில் இருந்துவிடலாமா? குமட்டல் வந்தால் என்ன செய்வது? 2024இல் எண்ணெய்க் கசிவு என்று படித்தேன், இப்போது அங்கே குளிக்கலாமா? சாப்பாடு நாம் கொண்டுபோகலாமா? தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஜூரோங் வாசகன் எழுதியது

தனிப் படகுக்குப் பெரிய தொகை ஆகும் தம்பி. மரினா சவுத் பியரிலிருந்து பொதுப் படகு போகிறது. போய்வர ஆளுக்கு 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அளவில்தான். செயின்ட் ஜான்ஸில் இறங்கினால் பாலம் போன்ற பாதையில் நடந்தே லாசரஸ் போய்விடலாம், அதே டிக்கெட்டில் கூசுவும் பார்க்கலாம். நாங்கள் எப்போதும் அப்படித்தான் போகிறோம். சனி, ஞாயிறு கூட்டம் இருக்கும், கடைசிப் படகின் நேரத்தை மட்டும் மறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தெலுக் பிளாங்கா அக்கா எழுதியது

தம்பி, போன வருடம் மார்ச் மாதம் நாங்கள் இதையேதான் செய்தோம். எங்கள் அப்பாயிக்கு அப்போது 86 வயது. பேரன் பேத்திகள் எல்லோரும் காசு போட்டு எடுத்த படகு. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், பாட்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அவருக்காகத்தான் தனிப் படகே எடுக்க வேண்டும். ஜூரோங் அண்ணன் சொல்கிற பொதுப் படகில் நானும் பலமுறை போயிருக்கிறேன், இளவட்டங்களுக்கு அது போதும். ஆனால் வரிசையில் நிற்க வேண்டும், படகு துறையில் நிற்கிற சில நிமிடத்துக்குள் ஏறி இறங்க வேண்டும், பின்னால் நூறு பேர் காத்திருப்பார்கள். கம்பு ஊன்றி நடக்கிறவருக்கு அந்த அவசரம்தான் ஆபத்து. தனிப் படகில் அப்பாயி ஏற நாலு நிமிடம் ஆனது, யாரும் எதுவும் சொல்லவில்லை. கொடுக்கிற காசு அந்த நாலு நிமிடத்துக்குத்தான் என்று எனக்குத் தோன்றியது.

அடுத்தது, ஐந்து தீவு வேண்டாம். இரண்டு போதும். எட்டு மணி நேரம் என்று எழுதியிருந்தாலும் ஆள் ஏறி, பைகளை ஏற்றி, பாதுகாப்பு விளக்கம் சொல்லிக் கிளம்ப அரை மணி போய்விடும். திரும்பி வந்து படகைக் கட்டுவதும் அந்த எட்டுக்குள்தான் வரும். ஒவ்வொரு தீவிலும் நங்கூரம் போடுவது, ஆளை இறக்குவது, மறுபடி எண்ணி ஏற்றுவது என்று அதற்கே நேரம் சரியாக இருக்கும். தீவுகள் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. செந்தோசா கோவ் (Sentosa Cove) படகுத்துறையிலிருந்து லாசரஸுக்குக் கால் மணி, இருபது நிமிடம்தான். ஓடுகிற நேரம் கொஞ்சம், ஏற்றி இறக்குகிற நேரம்தான் அதிகம். ஐந்து தீவு போனால் பாட்டி ஐந்து தடவை ஏறி இறங்க வேண்டும், இல்லையென்றால் ஐந்து தடவையும் படகில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

கூசுவை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். 1923இல் கட்டிய சீனக் கோயில் கீழேயே இருக்கிறது, அழகான இடம். ஆனால் குன்றின் மேலிருக்கும் மலாய்க் கெராமட்டுகளுக்கு, அதாவது புனிதர்களின் வழிபாட்டிடங்களுக்கு, 152 படி ஏற வேண்டும். 2022இல் அங்கே தீப்பிடித்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாட்டிக்குப் படி ஆகாது. ஹன்டு முக்குளிக்கிறவர்களுக்கான இடம். சிஸ்டர்ஸ் பற்றி இங்கே படகு ஓட்டுகிற ஒரு அண்ணன் எழுதுவார், அவர் சொன்னால் சரியாக இருக்கும். எங்கள் கணக்கு இதுதான்: காலையில் செயின்ட் ஜான்ஸ், மதியத்துக்கு மேல் லாசரஸ் குடாவில் நங்கூரம்.

செயின்ட் ஜான்ஸை ஏன் சேர்த்தோம் என்று சொல்கிறேன். எங்கள் அப்பாயி 1958இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். தாத்தா அதற்கு முன்பே வந்து துறைமுகத்தில் மூட்டை சுமந்துகொண்டிருந்தார். அப்பாயிக்கு அப்போது 19 வயது, கூட மாமியார். கப்பலில் யாருக்கோ பெரியம்மை கண்டிருக்கிறது. டெக் பயணிகளைச் சிங்கப்பூருக்குள் விடாமல் நேராக இந்தத் தீவில் இறக்கிவிட்டார்கள். அது 1874இலிருந்தே நோய்த் தடுப்புக்காக ஆட்களைத் தனித்து வைத்த இடம். 1930களில் உலகத்திலேயே பெரிய அப்படிப்பட்ட நிலையங்களில் ஒன்றாக இருந்தது. நம் ஊரிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்த எத்தனையோ பேர் சிங்கப்பூரில் முதலில் கால் வைத்த மண் அதுதான். 1950களின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் அரசியல் கைதிகளையும் அங்கே அடைத்து வைத்திருந்தார்கள். பின்னாளில் நம் அதிபரான தேவன் நாயரும் அங்கே இருந்தவர்.

எத்தனை நாள் இருந்தீர்கள் என்று கேட்டால் அப்பாயி ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கணக்குச் சொல்வார். பத்து நாளுக்குக் குறையாது. "ராத்திரியான சிங்கப்பூரு வெளக்கெல்லாம் தெரியும். அந்த வெளக்குல எதோ ஒண்ணுக்குக் கீழதான் ஒங்க தாத்தா இருக்காருன்னு பாத்துக்கிட்டே இருப்பேன்" என்பார். சின்ன வயதிலிருந்து இதைக் கேட்டிருக்கிறோம். ஆனால் நகரத்திலிருந்து ஏழு கிலோமீட்டர்கூட இல்லாத அந்தத் தீவுக்கு அவரை மறுபடி அழைத்துப் போக எங்களில் யாருக்கும் இத்தனை வருடம் தோன்றவில்லை. அது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

கேப்டனிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தோம். செயின்ட் ஜான்ஸ் படகுத்துறையில் படகை ஒட்டிப் பிடித்துக்கொண்டார். என் தம்பி கீழே, அத்தை மகன் மேலே. அப்பாயி ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்து, மறு கையை மேலே இருந்தவரிடம் கொடுத்து ஏறினார். மேலே வந்ததும் நின்று பார்த்தார். கட்டடங்கள் பலவும் மாறிவிட்டன, பழைய சிலவற்றைச் சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள், உள்ளே போக முடியாது. தேசிய கடல்சார் ஆய்வுக்கூடம் ஒரு பக்கம் இருக்கிறது. அப்பாயிக்கு எதுவும் அடையாளம் தெரியவில்லை. எனக்கு மனசு கொஞ்சம் விழுந்துவிட்டது.

அப்புறம் பாதையோரமாக ஒரு நாட்டு வாதுமை மரத்தடியில் உட்கார வைத்தோம். சிவந்த இலைகள் உதிர்ந்து கிடந்தன. அப்பாயி குனிந்து காய்ந்த காய் ஒன்றை எடுத்தார். மேல்தோல் போய், நார் நாராக, பழுப்பாக இருந்தது. தட்டையான கல் ஒன்றின் மேல் அதைப் படுக்கவிடாமல் விளிம்பில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கல்லால் விளிம்பு ஓரமாக ஒரு தட்டு. நடுவில் தட்டினால் பருப்பு நசுங்கிவிடுமாம். ஓடு இரண்டாகப் பிளந்தது. உள்ளே சுண்டுவிரல் நுனி அளவு பருப்பு. பழுப்புத் தோலை நகத்தால் நீக்கி, வெள்ளைப் பருப்பை என் மகன் வாயில் வைத்தார். "அங்க தெனம் ஒரே சோறுதான். மத்தியானத்துல பொம்பளைங்க எல்லாம் இத ஒடச்சுத் தின்னுக்கிட்டுக் கெடப்போம்" என்றார். இந்த வாதுமைக் கதையை அதுவரை அவர் சொன்னதே இல்லை. அந்த மரத்தடியிலேயே ஒன்றரை மணி நேரம் இருந்துவிட்டோம். ஐந்து தீவுத் திட்டமாக இருந்திருந்தால் கேப்டன் இருபதாவது நிமிடத்தில் கூப்பிட்டிருப்பார்.

சரி, நடைமுறை விஷயங்களுக்கு வருகிறேன்.

ஆள் கணக்கு. இதில் நாங்கள் தவறு செய்தோம், நீங்கள் செய்யாதீர்கள். ஒவ்வொரு படகுக்கும் எத்தனை பேர் என்று உரிமத்தில் எழுதியிருக்கும். எங்கள் படகில் விருந்தினர் 15 பேர். கைக்குழந்தையைக் கணக்கில் சேர்க்காமல் 15 என்று பதிவு செய்துவிட்டேன். துறையில் எண்ணிப் பார்த்துவிட்டு, குழந்தையும் ஓர் ஆள்தான், 16 பேரை ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். சட்டப்படி அவர்கள் செய்தது சரி. பதிவு செய்த நிறுவனம் முதலிலேயே குழந்தை உண்டா என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. கடைசியில் என் சித்தப்பா, "எனக்கென்ன, நான் அடுத்த தடவை வரேன்" என்று சொல்லி இறங்கிக்கொண்டார். படகு நகரும்போது துறையில் நின்று கையாட்டினார். அவர் அப்பாயியின் கடைசிப் பிள்ளை. அந்த வாதுமை மரத்தடியில் அவர் இல்லாமல் போனது என்னால்தான் என்று இன்றைக்கும் நினைப்பேன். உங்களோடு சேர்த்துப் பதின்மூன்று பேர் என்று எழுதிக் கொடுத்து, குழந்தையின் வயதையும் எழுதிவிடுங்கள். பெயர்ப் பட்டியலும் கேட்பார்கள். சிங்கப்பூர் எல்லைக்குள்ளேயேதான் சுற்றுகிறோம், குடிநுழைவுச் சோதனை ஒன்றும் கிடையாது.

செலவு. வார நாளில் எடுத்தோம், எட்டு மணி நேரத்துக்கு 1,700 வெள்ளி ஆனது. சனி, ஞாயிறு கூடுதல் கேட்டார்கள். தொகை சொல்லும்போது எரிபொருள், கரைக்குக் கொண்டுபோகும் சின்னப் படகு, குழந்தை உயிர்காப்பு அங்கி, ஐஸ் பெட்டி எல்லாம் அதில் சேர்த்தியா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மழை வந்தால் பணம் திரும்ப வருமா, வேறு தேதி மட்டும்தானா என்பதையும் கேளுங்கள். உங்கள் வீட்டார் ஊர் திரும்பும் தேதி இருக்கிறதே, வேறு தேதி கிடைத்து என்ன பயன்? அதனால் முதல் வாரத்திலேயே ஒரு நாளைப் போடுங்கள், தள்ளிப்போனாலும் இடம் இருக்கும்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். தீவில் கடையை நம்பிப் போகாதீர்கள். நாங்கள் காலையில் வீட்டிலேயே இட்லி பசியாறிவிட்டு, மதியத்துக்குப் புளியோதரை, தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், மாவடு எடுத்துப் போனோம். தயிர் சாதத்தில் பால் கூடுதலாக விட்டுப் பிசைந்துகொள்ளுங்கள், வெயிலுக்குச் சீக்கிரம் புளிக்கும். சிக்கன் பிரியாணியும் ஒரு அண்டா எடுத்துப் போயிருந்தோம். படகு ஆடும்போது அந்த நெய் வாசனை பலருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, பாதி அப்படியே திரும்பி வந்தது.

குமட்டலுக்கு: மாத்திரை போடுவதானால் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், குமட்டல் வந்த பிறகு போட்டுப் பயனில்லை. பாட்டி வேறு மாத்திரைகள் சாப்பிடுகிறாரென்றால் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். கீழே அறைக்குள் போய்ப் படுக்க வைத்தால் இன்னும் மோசமாகும். பின்பக்கம் டீசல் புகை வரும். நடுவில், காற்று படுகிற இடத்தில் உட்கார வைத்து, தூரத்தில் கடலும் வானமும் சேர்கிற கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் அப்பாயி இஞ்சி மரப்பா ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு கடைசி வரை நன்றாக இருந்தார். குமட்டியது எல்லாம் போனையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குத்தான்.

புடவை கட்டுகிற பெரியவர்களுக்குப் பருத்திப் புடவை போதும், கணுக்காலுக்கு மேலே கொஞ்சம் தூக்கிக் கட்டி, முந்தானையைச் செருகி ஊக்குப் போட்டுவிடுங்கள். அதன் மேல் உயிர்காப்பு அங்கி நன்றாகவே உட்காரும். செருப்பைத் துறையிலேயே கழற்றிக் கூடையில் போடச் சொல்வார்கள், படகில் எல்லோரும் வெறுங்கால்தான். கழிவறை இருக்கும், ஆனால் குறுகலாக இருக்கும், உள்ளே இறங்க மூன்று நாலு படி இருக்கும். முன்கூட்டியே படம் கேட்டு வாங்குங்கள். அப்பாயி அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தார், மதியம் தலைசுற்ற ஆரம்பித்த பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. அவருக்கு இரண்டு தடவை செயின்ட் ஜான்ஸ் கழிவறையிலேயே வசதி செய்து கொடுத்திருக்கலாம்.

தண்ணீர் படங்களில் வருவது போலக் கண்ணாடி நீலமாக இருக்காது, பச்சையாகத்தான் இருக்கும். தூரத்தில் சரக்குக் கப்பல்கள் வரிசையாக நிற்கும். எனக்கு அதுவே பிடித்தது. லாசரஸ் குடாவில் நங்கூரம் போட்டிருந்தபோது தலைக்கு மேலே ஒரு செம்பருந்து வட்டமிட்டது. வெள்ளைக் கழுத்து, செம்மண் நிற இறக்கை. அப்பாயி சட்டென்று எழுந்து இரண்டு கையையும் கூப்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்தப் பக்கம் நிறைய இருக்கின்றன. உங்கள் பாட்டியிடம் மேலே பார்க்கச் சொல்லுங்கள்.

படகோட்டி எழுதியது

அக்கா கூப்பிட்டதால் எழுதுகிறேன். பூர்வீகம் ராமேசுவரம் பக்கம், இங்கே பதினொரு வருடமாக வாடகைப் படகு ஓட்டுகிறேன். எந்தப் படகு என்று இங்கே சொல்லப்போவதில்லை, விளம்பரமாகிவிடும்.

அக்கா சொன்ன இரண்டு தீவுக் கணக்கு சரி. வயதானவர்களோடு வருகிறவர்களுக்கு நானும் அதைத்தான் சொல்வேன். தம்பி நீங்கள் படகைத் தேர்ந்தெடுக்கும்போது மெத்தை, பாட்டுப் பெட்டி, சறுக்குப் பலகை எல்லாவற்றையும் பிறகு பாருங்கள். பின்பக்கம் தண்ணீர் மட்டத்தை ஒட்டி அகலமான மேடை இருக்கிறதா, அதிலிருந்து மேலே வரக் கைப்பிடியோடு படி இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் இரட்டை அடிப் படகு, அதாவது அடிப்பாகம் இரண்டாக இருக்கும் படகு எடுங்கள். கட்டமரன் என்று போட்டிருப்பார்கள், நம் கட்டுமரம்தான் அந்தப் பெயர். நங்கூரத்தில் நிற்கும்போது ஒற்றை அடிப் படகைவிட அது ரொம்பக் குறைவாக ஆடும். ஓடும்போது வராத குமட்டல், நின்ற பிறகு பக்கத்தில் ஒரு ஃபெரி போனதும் வரும். பலருக்கு இது தெரியாது.

அப்புறம் நீர்மட்டம். சிங்கப்பூரில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சில நாட்களில் மூன்று மீட்டர் அளவுக்கு வித்தியாசம் வரும். நாம் கிளம்பும் மரினாவில், அதாவது படகுகளைக் கட்டி வைக்கும் துறையில், மிதக்கும் மேடை என்பதால் படகும் மேடையும் சேர்ந்தே ஏறி இறங்கும், அங்கே படகில் ஏறுவது சுலபம். ஆனால் கரையிலிருந்து அந்த மேடைக்கு இறங்கும் சரிவுப் பாலம் இருக்கிறதே, வற்றத்தில் அது செங்குத்தாகிவிடும். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு இறங்கவே பயமாக இருக்கும். தீவுத் துறைகளில் வேறு சிக்கல். வற்றத்தில் துறை மேலே போய்விடும், படகு கீழே நிற்கும், நடுவில் இருக்கும் படிகளில் பாசி. அன்றைக்கு எந்த நேரத்தில் ஏற்றம் என்று பார்த்து, பாட்டி இறங்குவதை அந்த நேரத்தை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். இதை உங்கள் கேப்டனிடம் இரண்டு நாள் முன்பே பேசுங்கள், கிளம்பின பிறகு சொன்னால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. லாசரஸில் கடற்கரைக்குச் சின்ன ரப்பர் படகில்தான் கொண்டுபோவார்கள், முழங்கால் வலி உள்ளவர்கள் அதில் இறங்கி ஏற வேண்டாம். படகிலேயே இருக்கட்டும், கூட ஒருவர் மாற்றி மாற்றி இருங்கள்.

மே மாதம் என்கிறீர்கள். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையிலும் காலையிலும் திடீர்க் காற்றும் மழையும் வரும். ஒன்றிரண்டு மணி நேரம் அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். மேற்கே வானம் ஒரு கோடு போட்ட மாதிரி கறுத்து, காற்று சட்டென்று குளிர்ந்தால் அதுதான். அதனால் காலை எட்டு மணிக்கே கிளம்ப வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம், பத்து மணி நல்லது. கேப்டன் கொஞ்சம் பொறுப்போம் என்றால் பொறுங்கள். இடிச் சத்தம் கேட்டால் தண்ணீரில் இருக்கும் எல்லோரும் ஏறிவிட வேண்டும், பிள்ளைகள் அழுதாலும் சரி.

சிஸ்டர்ஸ் தீவுகள் நம் முதல் கடல்சார் பூங்கா, 2014இல் அறிவித்தார்கள். பெரிய தீவை வேலை செய்து 2024 அக்டோபரில் மறுபடி திறந்தார்கள். சின்னத் தீவில் இறங்க முடியாது. இடம் அருமையாக இருக்கும், ஆனால் இரண்டு தீவுக்கும் நடுவே நீரோட்டம் பலம். நன்றாக நீந்துகிறவர்களையே நான் அங்கே விடமாட்டேன். பிள்ளைகள் குளிக்க லாசரஸ் குடாதான் நல்லது, கரை வளைந்து மூடியிருப்பதால் அலை குறைவு. அங்கேயும் உயிர்காப்பு அங்கி போட்டுத்தான் இறக்க வேண்டும். கைக்குழந்தை அளவு அங்கி எல்லாப் படகிலும் இருக்காது, எடையைச் சொல்லிக் கேளுங்கள்.

எண்ணெய்க் கசிவு கேட்டீர்கள். 2024 ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங்கில் நின்றிருந்த எண்ணெய் நிரப்பும் கப்பலில் தூர்வாரும் கப்பல் மோதியது. ஏறக்குறைய 400 டன் கடலில் கொட்டியது. செந்தோசா, செயின்ட் ஜான்ஸ், லாசரஸ், கூசு எல்லாக் கரையிலும் கறுப்பாக ஒதுங்கியது. அந்த வாரம் படகின் பக்கவாட்டில் ஒட்டியதைச் சுரண்டி எடுத்த கை இது, வாசனை நாலு நாள் போகவில்லை. இளைஞர்கள் எத்தனையோ பேர் வந்து மணலை அள்ளினார்கள். சுத்தம் செய்து திறந்துவிட்டார்கள், இப்போது எல்லோரும் குளிக்கிறார்கள். பயப்பட வேண்டாம்.

கடைசியாக, படகுக்கு வாடகைக்கு விட உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். கடல்துறை, துறைமுக ஆணையம் கொடுப்பது. காட்டத் தயங்கினால் வேறு படகு பாருங்கள். தெரிந்தவர் படகு, குறைந்த காசு என்று குடும்பத்தை ஏற்றாதீர்கள்.

பொங்கோல் வாசி எழுதியது

அக்கா, அண்ணன், ஜூரோங் சார், எல்லோருக்கும் நன்றி. ஐந்து தீவுத் திட்டத்தை விட்டுவிட்டேன். இரட்டை அடிப் படகு ஒன்று பேசியிருக்கிறேன், 18 பேர் உரிமம், குழந்தையையும் சேர்த்துப் பதின்மூன்று பேர் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மே இரண்டாவது வாரம் புதன்கிழமை, காலை பத்து முதல் மாலை ஆறு. அவர்கள் வந்து மூன்றாவது நாள்.

நேற்று ராத்திரி அக்கா எழுதியதைப் போனில் பாட்டிக்கு அப்படியே படித்துக் காட்டினேன். அந்த மரத்தடி வரும்வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பொண்ணோட அப்பாயிக்கு எந்த ஊரு?" என்பதுதான். தெரியாது என்றேன். கேட்டுச் சொல்லாமல் விடமாட்டேன் என்கிறார்.

படகோட்டி எழுதியது

அட்டவணை பார்த்தேன் தம்பி. அன்று பதினொன்றரை வாக்கில் ஏற்றம். பத்துக்குக் கிளம்பினால் நேராக செயின்ட் ஜான்ஸ் போங்கள், பாட்டி துறையில் ஏறுவதற்குப் படி குறைவாக இருக்கும். ஒன்றரைக்குள் படகுக்குத் திரும்பிவிடுங்கள், அதற்குமேல் நீர் இறங்கிக்கொண்டே போகும். மாலை ஆறுக்கு மரினாவில் வற்றம். சரிவுப் பாலம் செங்குத்தாக இருக்கும், பாட்டிக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், அவசரம் வேண்டாம்.

தெலுக் பிளாங்கா அக்கா எழுதியது

அப்பாயிக்கு நீடாமங்கலம் பக்கம் தம்பி. பிறந்தது அங்கே, வாக்கப்பட்டது கோட்டூர். உங்கள் பாட்டி கேட்டதைச் சொன்னேன். உடனே, "மன்னார்குடியில எந்தத் தெரு?" என்கிறார். படகுக்கு முன்னாலோ பின்னாலோ ஒரு நாள் பாட்டியை எங்கள் வீட்டுக்கு அழைத்து வாருங்கள், தனி மடலில் முகவரி அனுப்புகிறேன். லிஃப்ட் எங்கள் மாடியிலேயே நிற்கும், படி ஏற வேண்டாம்.